ஓடும் வட்டுக்கு ஒரே வாசல்: மெய்நிகர் கணினியின் வட்டை வெளி நிரலோடு பகிர்வது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அமைப்பு பெரிய தரவு மையம் எதுவும் அல்ல. லினக்ஸ் ஓடும் ஒரு சேவையகம். அதில் கேவிஎம், கியூஎமு என்ற மெய்நிகராக்க மென்பொருள்களின் துணையோடு இயங்கும் ஒரு மெய்நிகர் கணினி, அதாவது மென்பொருளால் உருவான கணினி. அதற்குள் கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தி வைக்கும் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, அதன்மேல் ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். வெளியே இருக்கும் சேவையகத்தை ஹோஸ்ட் என்றும் உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்வது வழக்கம். கெஸ்ட்டுக்கு அது முழு வட்டு. ஹோஸ்ட்டுக்கு அது கியூகவ்2 என்ற கியூஎமுவின் வட்டுக் கோப்பு வடிவில் உள்ள ஒரே ஒரு கோப்பு. தரவுத்தளத்தை இரவிலும் நிறுத்த முடியாது. காப்பு நகல் எடுக்கும் நிரலோ வேறொரு கணினியில் இருக்கிறது. அந்த நிரலுக்கு இந்த வட்டை எப்படிக் காட்டுவது என்பதுதான் கேள்வி. சிறு அலுவலகம், கல்லூரி ஆய்வகம், மருத்துவமனை என எங்கும் இருக்கக்கூடிய அமைப்பு இது.

இதற்கு நிர்வாகிகள் வழக்கமாக மூன்று வழிகளில் ஒன்றைக் கையாளுகிறார்கள். முதல் வழி வட்டைக் கெடுத்துவிடும். இரண்டாவது வழி வட்டைக் கெடுக்காது, நகலைக் கெடுத்துவிடும். அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம் என்பதால் இரண்டாவதையே நான் மோசமானதாகக் கருதுகிறேன். மூன்றாவது வழியில் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. ஆனால் சரியானது அது ஒன்றுதான்.

முதல் வழி: வட்டை ஹோஸ்ட்டிலேயே மாட்டுவது

கியூஎமுவோடு கியூஎமு-என்பிடி என்ற கருவி வருகிறது. ஒரு வட்டுக் கோப்பைத் திறந்து, அதை என்பிடி நெறிமுறையில் பிற நிரல்களுக்கு வழங்குவது அதன் வேலை. என்பிடி (நெட்வொர்க் பிளாக் டிவைஸ்) பழைய நெறிமுறை. 1997இல் பாவெல் மாகெக் லினக்ஸ் கர்னலுக்காக, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்காக, எழுதியது. வலையமைப்பின் மறுமுனையில் இருக்கும் வட்டு, இந்த முனையில் உள்ளூர் வட்டைப் போலவே தெரியும். போர்ட் எண் 10809.

அதன் எளிமையைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்கலாம். வாடிக்கையாளர் நிரல் அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் 28 பைட்டு கொண்ட ஒரு தலைப்பகுதி உண்டு: அடையாள எண்ணுக்கு 4 பைட்டு, கொடிகளுக்கு 2, கட்டளைக்கு 2, அந்த வேண்டுகோளுக்கே உரிய எண்ணுக்கு 8, வட்டில் எந்த இடம் என்பதற்கு 8, எவ்வளவு நீளம் என்பதற்கு 4. எளிய வகைப் பதிலின் தலைப்பகுதி 16 பைட்டு. படிக்கக் கேட்டிருந்தால் அதைத் தொடர்ந்து தரவு வரும். கேட்ட வரிசையில்தான் பதில் வர வேண்டும் என்பதில்லை. வேண்டுகோளின் எண்ணை வைத்து வாடிக்கையாளர் சேர்த்துக்கொள்ளும். படி, எழுது, உள்ளதை வட்டில் உறுதிசெய், தேவையற்றதை விடுவி, சுழியம் நிரப்பு, இந்தப் பகுதியில் தரவு இருக்கிறதா சொல் என்று ஒரு கைப்பிடிக் கட்டளைகள்தான். கோப்பு, அடைவு, பயனர், அனுமதி என்ற எதுவும் இதற்குத் தெரியாது. அது பலம்; பின்னால் பார்க்கப்போவதுபோல ஆபத்தும் அதுவே.

கர்னலில் என்பிடி கூறினை ஏற்றி, கியூகவ்2 கோப்பை என்பிடி0 என்ற சாதனத்தோடு இணைத்துவிட்டால், கெஸ்ட்டின் பிரிவுகள் எல்லாம் ஹோஸ்ட்டிலேயே தெரியத் தொடங்கும். அவற்றில் ஒன்றை மவுன்ட் செய்து, அதாவது ஹோஸ்ட்டின் கோப்பு அமைப்பில் மாட்டி, கோப்புகளைப் படிக்கலாம். நிறுத்தி வைத்த மெய்நிகர் கணினிக்கு இது அருமையான கருவி. கடவுச்சொல் தொலைந்த கெஸ்ட்டையும் துவங்க மறுக்கும் கெஸ்ட்டையும் இதைக் கொண்டு மீட்டவர்கள் ஏராளம். ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்ட்டிடம் இதைக் காட்டும்போதுதான் விபத்து நேர்கிறது.

காரணம் கியூகவ்2வின் உள்ளமைப்பில் இருக்கிறது. அது வட்டை, இயல்பாக 64 கேபி அளவுள்ள கிளஸ்டர்களாகப் பிரிக்கிறது. கெஸ்ட்டின் எந்தப் பகுதி கோப்பின் எந்தக் கிளஸ்டரில் இருக்கிறது என்பதை இரண்டடுக்கு அட்டவணையில் எழுதிவைக்கிறது. எந்தக் கிளஸ்டர் பயன்பாட்டில் உள்ளது என்ற கணக்குக்குத் தனி அட்டவணை. ஓடும் கியூஎமு இந்த அட்டவணைகளை நினைவகத்தில் வைத்துத்தான் வேலை செய்கிறது. இப்போது கியூஎமு-என்பிடி இரண்டாவதாக உள்ளே வந்து, தானும் அட்டவணைகளைத் தன் நினைவகத்துக்கு ஏற்றிக்கொள்கிறது. இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒரே பேரேட்டை, ஒருவரையொருவர் பாராமல், மனப்பாடமாக வைத்து எழுதுவதற்கு ஒப்பானது இது. காலியாகத் தெரியும் ஒரே கிளஸ்டரை இருவரும் எடுத்துக்கொள்வார்கள். தரவுத்தளத்தின் ஒரு பக்கமும் கோப்பு முறைமையின் ஓர் அட்டவணையும் ஒரே இடத்துக்கு உரிமை கொண்டாடும். அந்தக் கணத்தில் எந்தப் பிழைச்செய்தியும் வராது. பின்னொரு நாள் கெஸ்ட் அந்தப் பக்கத்தைப் படிக்கப் போகும்போதுதான் தெரியவரும்.

‘நான் எழுதவில்லையே, படிக்க மட்டுமான மவுன்ட்தானே செய்தேன்’ என்று இதற்கு ஒரு பதில் அடிக்கடி வரும். இந்தப் பதிலில் ஒரு பொறி இருக்கிறது. ஓடும் கெஸ்ட்டின் இஎக்ஸ்டி4, தன் ஜர்னலில், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே எழுதும் குறிப்பேட்டில், முடியாத வேலைகள் இருப்பதாகக் குறித்து வைத்திருக்கும். அதை மவுன்ட் செய்யும் ஹோஸ்ட் கர்னல், மின்சாரம் போய் வந்த வட்டு இது என்று எண்ணி ஜர்னலை ஓட்டி மீட்புப் பணியைத் தொடங்கிவிடும். படிக்க மட்டும் என்று கேட்டிருந்தாலும் சரி, சாதனம் எழுத இடம்கொடுத்தால் மீட்புக்காக மட்டும் எழுதிக்கொள்ளும். அப்படிச் செய்வதாகக் கர்னல் பதிவில் ஒரு வரியும் போட்டுவைக்கும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. கெஸ்ட் தன்பாட்டில் எழுதிக்கொண்டிருக்க, அதே ஜர்னலை ஹோஸ்ட் ஓட்டுகிறது. சாதனத்தையே எழுத முடியாதபடி இணைத்திருந்தால் மவுன்ட் மறுக்கப்படும். ஜர்னலைத் தொடாமல் மவுன்ட் செய்ய நோலோட் என்ற விருப்பத்தைக் கேட்க வேண்டியிருக்கும். அந்த மறுப்பைத் தொல்லையாக எண்ணுபவர்கள் உண்டு. உண்மையில் அது காப்பாற்றும் கை.

2017 ஆகஸ்ட்டில் வந்த கியூஎமு 2.10 இந்த விபத்துக்கு ஒரு தடையைக் கொண்டுவந்தது. அதுமுதல் வட்டுக் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு கியூஎமு கருவியும் அதன்மேல் பூட்டுகளை வைக்கிறது. கோப்பின் 100ஆம், 200ஆம் பைட்டு இடங்களிலிருந்து தொடங்கும் சில பைட்டுகளின்மேல் கர்னல் வழியாக வைக்கப்படும் பூட்டுகள் இவை. முதல் தொகுதி ‘நான் இன்னின்னதைச் செய்கிறேன்’ என்றும், இரண்டாவது தொகுதி ‘பிறர் இன்னின்னதைச் செய்ய விடமாட்டேன்’ என்றும் சொல்கின்றன. இப்போது ஓடும் கெஸ்ட்டின் கோப்பைக் கியூஎமு-என்பிடியில் திறந்தால், எழுதும் பூட்டைப் பெற முடியவில்லை, வேறொரு செயல்முறை இதைப் பயன்படுத்துகிறதா என்ற செய்தியோடு நின்றுவிடும்.

ஆனால் இது மதிப்பவரை மட்டும் தடுக்கும் பூட்டு. டிடி, சிபி, ஆர்சிங்க் ஆகிய நகல் கருவிகளோ, ஒரு கோப்பை வட்டாகக் காட்டும் லூப் சாதனமோ அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. கச்சா வடிவ (அட்டவணை ஏதுமின்றி வட்டின் பைட்டுகள் அப்படியே உள்ள) வட்டுக் கோப்பை லூப் சாதனமாக்கி மவுன்ட் செய்தால், மேலே சொன்ன ஜர்னல் விபத்து இன்றும் அப்படியே நேரும்.

இரண்டாவது வழி: பூட்டை மீறிப் படிப்பது

பூட்டு வந்த பிறகு, பூட்டைப் பொருட்படுத்தாமல் படிக்க ஒரு விருப்பமும் சேர்த்தே வந்தது. ஓடும் வட்டின் அளவு, வடிவம் போன்ற விவரங்களைப் பார்க்க அது வேண்டும். அதை வைத்து முழு வட்டையும் நகலெடுக்கும் ஸ்கிரிப்ட்டுகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன.

நகலெடுப்பு ஒரு மணிநேரம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டின் தொடக்கம் பத்து மணி நிலையில் நகலாகியிருக்கும், முடிவு பதினொரு மணி நிலையில் நகலாகியிருக்கும். தரவுத்தளம் மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் பதிவேட்டுக் கோப்பு ஓரிடத்திலும் அட்டவணைக் கோப்பு வேறோரிடத்திலும் இருந்தால், இரண்டும் வெவ்வேறு நேரத்தைச் சொல்லும். எந்தக் கணத்திலும் உண்மையில் இருந்திராத ஒரு வட்டு அது. கியூகவ்2வாக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: ஓடும் கியூஎமுவின் நினைவகத்தில் இருக்கும் அட்டவணை மாற்றங்கள் கோப்பில் இன்னும் இறங்கியிருக்காது. கியூஎமுவின் கையேடே, பிறர் மாற்றிக்கொண்டிருக்கும் கோப்பைப் பார்த்தால் முரண்பட்ட நிலையைக் காண நேரிடலாம் என்று எச்சரிக்கிறது.

இந்த நகல் பெரும்பாலும் துவங்கிவிடும் என்பதுதான் கொடுமை. உள்நுழைவுத் திரை வரும், தரவுத்தளமும் எழும். ஏதோவொரு அட்டவணையின் ஏதோவொரு பக்கம் மட்டும் உள்ளே உடைந்திருக்கும். அசல் போன பிறகுதான் அதைத் தேடிப் போவோம்.

மூன்றாவது வழி: கெஸ்ட்டை ஓட்டும் செயல்முறையிடமே கேட்பது

ஓடும் வட்டின் உண்மை நிலை ஒரே இடத்தில்தான் இருக்கிறது; அது கெஸ்ட்டை ஓட்டிக்கொண்டிருக்கும் கியூஎமு செயல்முறை. கோப்பில் இருப்பது பாதி, அதன் நினைவகத்தில் இருப்பது மீதி. ஆகவே வட்டைக் காட்டும் வாசலும் அந்தச் செயல்முறையாகவே இருக்க வேண்டும். மற்ற எல்லா நிரல்களும் அந்த வாசலில் வந்து கேட்க வேண்டும், அதுவும் படிக்க மட்டும்.

இதற்கான அடிப்படை கியூஎமுவில் 2012 டிசம்பரில் வெளியான 1.3 முதலே இருக்கிறது: ஓடும் கியூஎமுவுக்குள்ளேயே ஒரு என்பிடி சேவையகத்தைத் தொடங்கி, ஒரு வட்டை அதில் சேர்க்கலாம். ஆனால் ஓடும் வட்டை அப்படியே காட்டினால் இரண்டாவது வழியின் நேர முரண்பாடு இங்கும் வரும். தேவைப்படுவது உறைந்த ஒரு காட்சி.

அந்தக் காட்சி உருவாகும் விதம் எனக்கு எப்போதும் நிறைவளிக்கிற ஒன்று. முதலில் காலியான ஒரு தற்காலிகக் கியூகவ்2 கோப்பை உருவாக்குகிறார்கள். தன்னிடம் இல்லாத எதையும் ஓடும் வட்டிலிருந்து எடுத்துக்கொள் என்று அதற்குச் சொல்லப்படுகிறது. அடுத்து, கெஸ்ட் எந்தக் கிளஸ்டரில் எழுத வந்தாலும், அங்கிருக்கும் பழைய தரவை முதலில் தற்காலிகக் கோப்புக்கு நகர்த்திவிட்டு, அதன் பிறகே எழுத விட வேண்டும் என்ற பணி தொடங்குகிறது. என்பிடியில் காட்டப்படுவது தற்காலிகக் கோப்பு. காப்பு நிரல் ஓரிடத்தைக் கேட்டால், கெஸ்ட் அந்த இடத்தை மாற்றியிருந்தால் பழையது தற்காலிகக் கோப்பிலிருந்து வரும், மாற்றாதிருந்தால் ஓடும் வட்டிலிருந்தே வரும். படிக்க ஒரு மணிநேரம் ஆனாலும் கிடைப்பது தொடக்கக் கணத்தின் வட்டு. பல வட்டுகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் ஒரே கணத்தில் இதைத் தொடங்க முடியும். தரவு ஒரு வட்டிலும் பதிவேடு இன்னொரு வட்டிலும் வைத்திருக்கும் தரவுத்தளத்துக்கு இது உயிர்நாடி.

இவ்வளவையும் கையால் செய்ய வேண்டியதில்லை. மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் மென்பொருளின் 6.0 பதிப்பு, 2020 ஜனவரியில் வந்தது, இதை ஒரே அழைப்பாக்கியது. நம் அமைப்பில் லிப்வர்ட்டின் விர்ஷ் கட்டளைக் கருவிக்கு ஒரு சிறு எக்ஸ்எம்எல் கோப்பைக் கொடுக்கிறோம்: முறை புல், அதாவது வெளி நிரல் வந்து இழுத்துக்கொள்ளும் முறை, சேவையகத்தின் முகவரி, போர்ட், எந்த வட்டு, தற்காலிகக் கோப்பு எங்கே. பேக்கப்-பிகின் கட்டளை முடிந்ததும் விடிஏ என்ற பெயரில் வட்டு என்பிடியில் தோன்றுகிறது. காப்பு நிரல் என்பிடி-காப்பி கருவியாலோ கியூஎமு-இமேஜ் கருவியாலோ அதை இழுத்துக்கொள்கிறது. இழுத்து முடித்ததை லிப்வர்ட் தானாக அறியாது. பணியை நிறுத்தச் சொல்லும் டொம்ஜாப்-அபார்ட் கட்டளையால்தான் நாம் முடித்துவைக்க வேண்டும். பெயரைப் பார்த்துத் தயங்க வேண்டாம், புல் முறையில் இயல்பான முடிவே அதுதான். மறந்தால் தற்காலிகக் கோப்பு வளர்ந்துகொண்டே போகும்.

கெஸ்ட்டுக்குள் ஹோஸ்ட்டின் கட்டளைகளைக் கேட்டுச் செய்யும் முகவர் நிரல் இருந்தால் இன்னொரு படியும் உண்டு. கோப்பு முறைமையை உறையவைத்து, பேக்கப்-பிகின் கொடுத்து, உடனே உருகவைத்துவிடலாம். நகலெடுப்பு முடியும்வரை உறையவைக்க வேண்டியதில்லை. காட்சி பிறக்கும் கணத்துக்கு மட்டும் போதும். உறையவைக்காவிட்டாலும் போஸ்ட்கிரெஸ் தன் பதிவேட்டை ஓட்டி மீண்டுவிடும், ஏனென்றால் அதற்குக் கிடைப்பது மின்சாரம் போன கணத்தின் வட்டைப் போன்றது. அது முரண்பட்ட வட்டு அல்ல.

விலை இல்லாமல் இல்லை. காப்பு நடக்கும் நேரத்தில், ஒரு பகுதியில் கெஸ்ட் முதன்முறை எழுதும்போது பழையதைப் படித்து நகர்த்தும் வரை காத்திருக்க வேண்டும். தற்காலிகக் கோப்பை வேகம் குறைந்த வட்டில் வைத்தால் தரவுத்தளம் மூச்சுத் திணறும். ‘காப்பு நேரத்தில் மென்பொருள் நின்று நின்று ஓடுகிறது’ என்ற புகார் எழுந்தால், முதலில் அந்தக் கோப்பு எந்த வட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.

முழு வட்டும் தினமும் பயணிக்க வேண்டியதும் இல்லை. எந்தப் பகுதி மாறியது என்பதைக் கியூஎமு ஒரு பிட் வரைபடத்தில் குறித்துவைக்கும். 64 கேபிக்கு ஒரு பிட். 1 டிபி வட்டுக்கு 1,67,77,216 பிட்டுகள், அதாவது வெறும் 2 எம்பி. இந்த வரைபடத்தையும் என்பிடி வழியாகவே வாடிக்கையாளர் கேட்டுப் பெற்று, மாறிய பகுதிகளை மட்டும் இழுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும்: வரைபடம் கியூகவ்2 கோப்பில் முறையாக எழுதப்படுவது கியூஎமு ஒழுங்காக மூடப்படும்போது. ஹோஸ்ட் மின்சாரம் இழந்து விழுந்தால், வரைபடம் பயன்பாட்டில் இருந்த குறியோடு கிடக்கும். கியூஎமு அதை நம்ப மறுக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி முழு நகலிலிருந்து தொடங்க வேண்டும். இந்தப் பிடிவாதம் சரி. மாறியதில் ஒரு கிளஸ்டர் விடுபட்டாலும் அதன்மேல் அடுக்கிய நகல்கள் எல்லாம் பொய்.

வாசலைத் திறந்த பிறகு

என்பிடிக்குப் பயனர் தெரியாது, அனுமதி தெரியாது என்று முன்பே பார்த்தோம். 10809க்கு எட்டக்கூடிய எவரும் முழு வட்டையும் இழுத்துக்கொள்ளலாம்: கடவுச்சொற்களின் கோப்பு, தனித்திறவுகோல்கள், தரவுத்தளம், அழிக்கப்பட்டும் இடத்தில் கிடக்கும் பழைய தரவு உட்பட. வலையமைப்பில் அனைத்தும் வெட்டவெளியாகப் போகும். 2016இல் வந்த கியூஎமு 2.6 முதல் என்பிடிக்கு டிஎல்எஸ் மறையாக்கம் உண்டு. சான்றிதழ் இல்லாதவரை வாசலிலேயே நிறுத்தலாம். காப்பு நிரலும் கெஸ்ட்டும் ஒரே ஹோஸ்ட்டில் இருந்தால், ஒரு கணினிக்குள் மட்டும் நிரல்களை இணைக்கும் யுனிக்ஸ் சாக்கெட்டே போதும். போர்ட்டையே திறக்க வேண்டாம். நம் அமைப்பில் காப்பு நிரல் வெளியே இருப்பதால், டிஎல்எஸ் அல்லது எஸ்எஸ்எச் சுரங்கம் (மறையாக்கிய இணைப்பு) இரண்டில் ஒன்று கட்டாயம். ‘உள் வலையமைப்புதானே’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

வாசல் கெஸ்ட்டை ஓட்டும் செயல்முறைக்குள்ளேயே இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. 2024இல், பாதுகாப்பு ஓட்டைகளுக்கான சிவிஇ பட்டியலில் சிவிஇ-2024-7409 என்ற எண்ணில் பதிவான ஓட்டை அதைக் காட்டியது. சேவையகத்தை மூடும்போது ஒரு வாடிக்கையாளர் சாக்கெட்டை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், கியூஎமுவே சரிந்துவிடும், கூடவே கெஸ்ட்டும். கியூஎமு 9.1இல் சரிசெய்தார்கள்.

வட்டின் உள்ளடக்கத்தையும் நம்பக் கூடாது, ஏனென்றால் அதை எழுதுவது கெஸ்ட். கச்சா வடிவ வட்டின் முதல் பகுதியில் கெஸ்ட்டில் இருப்பவர் ஒரு கியூகவ்2 தலைப்பை எழுதிவைத்து, அதில் பின்புலக் கோப்பு (தன்னிடம் இல்லாத தரவை எடுத்துக்கொள்ளும் கோப்பு) என்று ஹோஸ்ட்டின் ஒரு கோப்புப் பாதையைக் குறித்தால் என்ன ஆகும்? வடிவம் என்னவென்று சொல்லாமல் திறக்கும் கருவி, தலைப்பைப் பார்த்து அது கியூகவ்2தான் என்று முடிவு செய்து, ஹோஸ்ட்டின் கோப்பை எடுத்து நீட்டும். 2008இலேயே சிவிஇ-2008-2004 என்று பதிவானது இது. இதனால்தான் வடிவம் சொல்லாமல் கச்சா வட்டைத் திறந்தால் கியூஎமு எச்சரித்துவிட்டு, முதல் பகுதியில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிறது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில், ஓப்பன்ஸ்டாக் என்ற மேகக் கணிமை மென்பொருளில் இதன் உறவினர் தலைகாட்டியது: கியூகவ்2வின் வெளித் தரவுக் கோப்பு என்ற வசதியில் ஹோஸ்ட்டின் பாதையை எழுதிய படிமத்தைப் பதிவேற்றி, ஹோஸ்ட்டின் கோப்புகளைப் படிக்க முடிந்தது. வடிவத்தை எப்போதும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஸ்கிரிப்ட்டில் அது ஒரு சொல்.

நிறுத்திய கெஸ்ட்டின் வட்டைத் திறக்கும்போதும் ஹோஸ்ட் கர்னலில் நேரடியாக மவுன்ட் செய்வதைவிட லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்ற கருவித்தொகுப்பு மேல். அது ஒரு சிறு மெய்நிகர் கணினியை எழுப்பி, அதற்குள் வட்டைத் திறக்கிறது. வேண்டுமென்றே உடைத்த கோப்பு முறைமை ஒன்று கர்னலைக் கவிழ்த்தாலும் கவிழ்வது அந்தச் சிறு கணினிதான். கெஸ்ட்டின் எல்விஎம் (வட்டு இடத்தைத் தொகுத்துப் பிரித்துத் தரும் லினக்ஸ் வசதி) தொகுதிகளை ஹோஸ்ட் தானாகவே எடுத்துக்கொண்டு விடமாட்டேன் என்று பிடிக்கும் தொல்லையும் இருக்காது.

மீட்கும் நாள்

இதே நெறிமுறை திரும்பி வரும் பாதையிலும் உதவுகிறது. நம் ஹோஸ்ட்டின் வட்டு இறந்துவிட்டது, காப்புக் கணினியில் 1 டிபி நகல் இருக்கிறது என்று கொள்வோம். முழுவதையும் நகலெடுத்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. காப்புக் கணினியில் அந்த நகலைப் படிக்க மட்டும் என்பிடியில் வழங்குகிறோம். புதிய ஹோஸ்ட்டில் காலியான கியூகவ்2 கோப்பு ஒன்றை உருவாக்கி, அந்த என்பிடி முகவரியையே பின்புலமாகக் குறிக்கிறோம். கெஸ்ட் உடனே துவங்குகிறது. படிப்பது வலையமைப்பு வழியாக வருகிறது, எழுதுவது உள்ளூர்க் கோப்பில் விழுகிறது, நகல் தொடப்படுவதில்லை. பின்னணியில் பிளாக்-ஸ்ட்ரீம் பணியைத் தொடங்கினால், மீதிப் பகுதிகள் ஒவ்வொன்றாக உள்ளூர்க் கோப்புக்கு இறங்கும். முழுவதும் இறங்கியதும் பின்புலத் தொடர்பு அறுபடும், காப்புக் கணினியின் வாசலை மூடிவிடலாம்.

மாதம் ஒருமுறையாவது இதே ஏற்பாட்டை, வெளி வலையமைப்பு இல்லாத ஒரு சோதனைக் கெஸ்ட்டில் ஓட்டி, தரவுத்தளத்தின் எல்லா அட்டவணைகளையும் ஒருமுறை முழுமையாகப் படிக்க வைக்க வேண்டும். உள்நுழைவுத் திரையைப் பார்த்துத் திருப்தி அடைந்து நிறுத்திவிடக் கூடாது. போஸ்ட்கிரெஸ்ஸில் பக்கச் சரிபார்ப்பு எண்களை இயக்கியிருந்தால், உடைந்த பக்கம் அந்த வாசிப்பிலேயே அகப்படும்.